குளூட்டன் தவிர்க்க வேண்டிய குழந்தைக்கு எந்த மாவு, எந்தத் தானியம்? சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சீலியாக் நோய் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்த குழந்தைகளின் பெற்றோருக்காக இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலுக்குள் சென்றதும், அந்தக் குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இன்றைய நிலையில் குளூட்டனை விலக்கிய உணவே இதற்குச் சிகிச்சை. அரிசியையும் பருப்பையும் நம்பி நிற்கும் நம் சமையல் இந்தச் சிகிச்சைக்கு இயல்பிலேயே ஏற்றது. ஆபத்து பெரும்பாலும் தானியத்தில் இல்லை. அது எங்கே அரைபடுகிறது, அதனுடன் எது கலக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மருத்துவர் இன்னும் உறுதிசெய்யவில்லை. அதற்குள் கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டனுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையைத்தான் அளக்கிறது. குழந்தை சில வாரங்களாகக் கோதுமையே சாப்பிடாமல் இருந்தால் அந்த எதிர்வினை தணியத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் முடிவு இயல்பாக வரக்கூடும். பிறகு உண்மையை அறிய, மீண்டும் வாரக்கணக்கில் கோதுமை கொடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்; வயிற்று வலியால் அவதிப்பட்ட குழந்தைக்கு அது பெரும் கொடுமை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் பெற்று, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் நிபுணரைப் பார்த்து முடிவு தெரிந்த பிறகே உணவை மாற்றுங்கள்.

இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்கள் எவை?

அரிசியின் எல்லா வகைகளும் பாதுகாப்பானவை: புழுங்கலரிசி, பச்சரிசி, பாஸ்மதி, சிவப்பரிசி, கறுப்புக் கவுனி, மலாய்ப் பலகாரங்களில் சேரும் புலூட் அரிசி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். புலூட் அரிசியின் ஒட்டும் தன்மை அதன் மாவுச்சத்தால் வருவது என்பதால் அதை ஒதுக்கத் தேவையில்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றிலும் குளூட்டன் இல்லை. ரை என்பது குளிர்நாட்டுத் தானியம். நம் கம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. கீன்வா, தண்டுக்கீரை விதை, பக்வீட் ஆகியவையும் ஏற்றவை. ஆனால் பக்வீட்டில் செய்வதாகச் சொல்லப்படும் ஜப்பானிய சோபா நூடுல்சில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உளுந்து, கடலைப்பருப்பு, பொரிகடலை, பச்சைப்பயறு, ஜவ்வரிசி, மரவள்ளிக் கிழங்கு மாவு, உருளைக்கிழங்கு மாவு, கூவைக்கிழங்கு மாவு ஆகியவற்றையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சம்பா கோதுமை, பாரம்பரியக் கோதுமை, புளிக்கவைத்த ரொட்டி ஆகியவை பரவாயில்லை என்கிறார்களே?

பரவாயில்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சம்பா கோதுமை, ஸ்பெல்ட், எம்மர், கமுட் ஆகிய எல்லாமே கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு. ரவை, மைதா, ஆட்டா, சேமியா, புல்கர், கூஸ்கூஸ் ஆகியவை அதே கோதுமையின் வெவ்வேறு வடிவங்கள். கடையில் கிடைக்கும் புளித்த மாவு ரொட்டியிலும் நோயாளிக்குக் கேடு செய்யும் அளவு குளூட்டன் எஞ்சியிருக்கும். நல்லெண்ணத்தோடு உறவினர்கள் அனுப்பும் இத்தகைய செய்திகளைக் குழந்தையின் தட்டுவரை கொண்டு வராதீர்கள்.

தானியத்தில் குளூட்டன் இல்லை என்றால், அதன் மாவை வாங்க ஏன் இவ்வளவு கவனம் வேண்டும்?

ஒரே வயலில் மாறி மாறிப் பயிரிடுவது, ஒரே வண்டியில் ஏற்றுவது, ஒரே ஆலையில் அரைப்பது என ஒவ்வொரு கட்டத்திலும் கோதுமை கலக்க வாய்ப்பு உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வில், குளூட்டன் இல்லாதவை என்ற அடையாளம் இன்றி விற்கப்பட்ட, ஆனால் இயல்பில் குளூட்டன் அற்ற 22 தானிய, மாவு வகைகள் சோதிக்கப்பட்டபோது, 7 வகைகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மேல் குளூட்டன் இருந்தது. அவற்றுள் மிக மோசமாக இருந்தது சோயா மாவு. எனவே கடலை மாவு, கேழ்வரகு மாவு, சோள மாவு ஆகியவற்றை உதிரியாக அள்ளிக் கட்டித் தரும் கடைகளில் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பக்கத்து மூட்டையில் ஆட்டா இருக்கும். இரண்டுக்கும் ஒரே கரண்டி போய்வரும்.

தேக்காவில் மாவு மில்லில் கொடுத்து அரைக்கலாமா?

வேண்டாம். மசாலாவும் அரிசியும் கோதுமையும் அரைபடும் பொது இயந்திரத்தில், முன்னால் அரைத்தவரின் மாவு கொஞ்சமாவது தங்கியிருக்கும். இயந்திரத்தைத் துடைத்துவிட்டு அரைத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் மனதார முன்வந்தாலும், கல்லின் இடுக்குகளைத் துடைத்து முழுமையாகச் சுத்தமாக்க முடியாது.

முழுத் தானியமாக வாங்கி வீட்டிலேயே அரைப்பதுதான் என் கணிப்பில் மிக நம்பகமான வழி. இதில் சிறுதானியங்களுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. தினை, சாமை, குதிரைவாலி, கேழ்வரகு ஆகியவற்றின் மணிகள் மிகச் சிறியவை. கோதுமை மணியோ பார்லி மணியோ கலந்திருந்தால் வெள்ளைத் தட்டில் பரப்பியவுடன் கண்ணில் பட்டுவிடும், சல்லடையிலும் மேலே தங்கிவிடும். அப்படிப் பொறுக்கி எடுத்த பிறகு, ஒட்டியிருக்கும் மாவுத்தூள் போவதற்காக மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். வீவக வீட்டின் ஈரப்பதத்தில் தானியம் சீக்கிரம் காயாது. சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்துக் காயவிட்டு, பிறகு வெறும் வாணலியில் சூடேற்றினால் மிக்சியில் நன்றாக அரைபடும். இதுவரை கோதுமை படாத மிக்சி ஜாரும் புதிய சல்லடையும் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கம்பு மாவு கொழுப்பு மிகுந்தது என்பதால் அரைத்த சில நாள்களிலேயே கசக்கத் தொடங்கும். அதைத் தேவைக்குத் தேவை அரைப்பதே நல்லது.

கழுவுவதும் பொறுக்குவதும் கலப்படத்தைப் பெருமளவு குறைக்குமே தவிர, ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. குடல் இன்னும் ஆறாத தொடக்க மாதங்களில், குளூட்டன் அற்றது எனச் சான்று பெற்ற பொட்டல மாவுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமானது.

பொட்டலத்தில் எதைப் படிக்க வேண்டும்?

சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளின்படி, பொட்டலமிட்டு விற்கப்படும் உணவில் குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்க்கப்பட்டிருந்தால் அதைப் பொட்டலத்தில் தெரிவிக்க வேண்டும். கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ், ஸ்பெல்ட், அவற்றின் கலப்பினங்கள் அனைத்தும் அந்தப் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூர் உணவு அமைப்பு இந்த விதிகளைச் செயல்படுத்துகிறது. ஆகவே முதலில் சேர்மானப் பட்டியலை முழுவதும் படியுங்கள். மாற்றமைத்த மாவுச்சத்து, மால்ட் சாறு, தாவரப் புரதம் என்றெல்லாம் வரும் இடங்களில் நிறுத்தி, அது எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். ஆனால் அந்தப் பட்டியல் தெரிந்தே சேர்க்கப்பட்ட பொருள்களைப் பற்றியது. ஆலையில் தவறிக் கலக்கும் தூளை அது காட்டாது. அதனால்தான் மாவு, அவல், சேமியா, நூடுல்ஸ் ஆகியவற்றுக்குக் குளூட்டன் அற்றது என்ற அறிவிப்பையும் தேடச் சொல்கிறோம்.

அந்த அறிவிப்பின் பொருள் நாட்டுக்கு நாடு சற்று மாறும். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியா ஆகியவையும் அதே அளவைப் பின்பற்றுகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விதி இன்னும் கடுமையானது. அங்கே சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸும் சேரக் கூடாது. இங்குள்ள பேரங்காடிகளில் ஆஸ்திரேலியப் பொருள்கள் தாராளமாகக் கிடைப்பது நமக்கு வசதி. கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட முத்திரை சீலியாக் சங்கங்கள் உரிமம் வழங்குவது. அதையும் நம்பலாம். அரிசிப் படமோ பச்சை நிறமோ இயற்கை விவசாய முத்திரையோ குளூட்டனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நம் வீட்டுப் பொருள்களில் பெற்றோர் கவனிக்கத் தவறுபவை எவை?

முதலாவது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், தூளானாலும் கட்டியானாலும், பல நிறுவனங்கள் கோதுமை மாவையோ மைதாவையோ சேர்க்கின்றன. சாம்பார், ரசம், புளியோதரை, முறுக்கு, ஊறுகாய், இட்லிப்பொடி என அது எல்லாவற்றிலும் விழுவதால், அரிசிச் சாப்பாடு மட்டுமே சாப்பிடும் குழந்தைக்கும் ஒவ்வொரு நாளும் கோதுமை போய்ச் சேர்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்றால் பூண்டையும் சீரகத்தையும் நம்புங்கள்.

இரண்டாவது சத்துமாவு. வீட்டில் தயாரித்தாலும் கடையில் வாங்கினாலும் அதில் சம்பா கோதுமையும் பார்லியும் இடம்பெறுவது வழக்கம். ஊரிலிருந்து பாட்டி அன்போடு அரைத்து அனுப்பும் சத்துமாவாயின், என்னென்ன சேர்த்தார், எங்கே அரைத்தார் என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. ராகி சேமியா, தினை நூடுல்ஸ், கம்பு பிஸ்கட் போன்றவை சிறுதானியத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவற்றில் பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. பலதானிய ஆட்டாவின் பெரும்பகுதி கோதுமையே.

மூன்றாவதாக, மைலோ, ஹார்லிக்ஸ், ஓவல்டின் போன்ற மால்ட் பானங்களில் பார்லி மால்ட் உண்டு. உடல் சூட்டுக்கு நல்லது என்று இங்கே எல்லாரும் குடிக்கும் பார்லித் தண்ணீரும் கூடாது. வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே நொதிக்கவைக்கப்படுகிறது. சிப்பிச் சாஸிலும் கோதுமை மாவு இருக்கக்கூடும். சைவ உணவுக் கடைகளில் கோழி, வாத்து வடிவில் பரிமாறப்படும் போலி இறைச்சியில் பல வகை ஏறக்குறைய முழுவதுமே கோதுமைக் குளூட்டன்தான். சைவக் குடும்பங்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

ஓட்ஸ் கொடுக்கலாமா?

சீலியாக் உள்ள பெரும்பாலோர் தூய ஓட்ஸைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு சிறு பகுதியினரால் முடிவதில்லை. சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது மிகவும் சகஜம். ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவுகள் சீரடைந்த பிறகு, மருத்துவரின் ஒப்புதலோடு, குளூட்டன் அற்றது எனக் குறிக்கப்பட்ட ஓட்ஸை மட்டும் சிறிதளவில் தொடங்குங்கள். அவசரமில்லை, ஓட்ஸ் தருவதைக் கேழ்வரகும் தரும்.

எல்லா வேளையும் அரிசியே கொடுத்தால் என்ன?

இரண்டு காரணங்களால் அது போதாது. முதலாவது, நோயால் ஏற்கெனவே இரும்பு, கால்சியம், ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவற்றை இழந்த குழந்தைக்குத் தீட்டிய அரிசியில் சத்தும் நாரும் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது; கம்பில் இரும்பு கணிசமாக உண்டு. தானியத்தை ஊறவைத்து முளைகட்டுவதும், இட்லி மாவைப் போலப் புளிக்கவைப்பதும் சத்தை உடல் எளிதில் ஏற்கச் செய்யும்.

இரண்டாவது, நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சுகிறது. கோதுமையை விட்டுவிட்டு அரிசி ரொட்டி, அரிசி பிஸ்கட், அரிசி நூடுல்ஸ் என்று மாறும் குழந்தைக்கு அது கூடுதலாகச் சேரும். அரிசியைக் கழுவி, ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்செனிக் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. பி வைட்டமின்களில் ஒரு பகுதியும் அதனுடன் போகும் என்றாலும், பருப்பும் கீரையும் அதை ஈடுசெய்யும். சோற்றை வடித்துச் சாப்பிட்ட நம் பாட்டிமாரின் வழக்கத்தை, மின்சாரக் குக்கருக்குப் பழகிய நாம் இந்தக் குழந்தைகளுக்காக மீட்டெடுக்கலாம். பாலுக்குப் பதிலாக அரிசிப் பானத்தைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அது கூடாது என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழ், ஒரு நாள் தினைப் பொங்கல், அடை, பெசரட்டு, குதிரைவாலித் தயிர்ச்சாதம் என்று மாறி மாறி வந்தால் போதும்.

என் பிள்ளைக்குக் கோதுமை ஒவ்வாமை. இதே பட்டியலைப் பின்பற்றலாமா?

முழுவதும் அப்படியே பின்பற்ற முடியாது. ஒவ்வாமை வேறு நோய். சில குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல்வரை போகும். குளூட்டன் நீக்கிய கோதுமை மாவுச்சத்தைக் கொண்டு செய்த சில ரொட்டிகளும் குளூட்டன் அற்றவை என்றே சட்டப்படி விற்கப்படுகின்றன. சீலியாக் உள்ள குழந்தைக்கு அவை ஏற்றவை, கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆபத்தானவை. மறுபுறம், பார்லி தகுமா என்பதை ஒவ்வாமை மருத்துவர் தனியாகச் சோதித்துச் சொல்வார்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

முடிந்தால் கோதுமை மாவைப் பிசைவதையே வீட்டில் நிறுத்திவிடுங்கள். மற்றவர்கள் சப்பாத்தியைச் சுட்டதாகவே வாங்கிக்கொள்ளலாம். பறக்கும் மாவு அடுப்பங்கரை முழுவதும் படிவதுதான் பெரிய தொல்லை. சப்பாத்திப் பலகை, உருளை, மரக்கரண்டி, சல்லடை, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. குழந்தைக்குத் தனியாக வேண்டும். தோசைக்கல்லும் தனியாக இருப்பது நல்லது. வெண்ணெய், காயா ஜாம் புட்டிகளில் ரொட்டித் துகளோடு கத்தி போகும். குழந்தையின் புட்டிக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள். சமைப்பவர் பணிப்பெண்ணாக இருந்தால், எதற்காக இதெல்லாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் பொறுமையாக விளக்குங்கள். காரணம் தெரிந்தவர் தானாகவே கவனமாக இருப்பார்.

கோதுமை இல்லாமல் ரொட்டி, தோசை சரியாக வருமா?

தோசைக்கும் ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் கோதுமை எப்போதுமே தேவைப்பட்டதில்லை. கேழ்வரகு, சோள ரொட்டிகளுக்குக் கொதிக்கும் நீரை ஊற்றி மாவைக் கிளறி, சூடு ஆறுமுன் பிசைந்தால் விரிசல் விடாமல் வரும். கேக், பன் போன்றவற்றுக்கு இசப்கோல் உமியோ சாந்தன் பசையோ சிறிதளவு சேர்க்க வேண்டும். சரியான பக்குவம் கைக்கு வரக் கொஞ்சம் காலமாகும்.

உணவங்காடி நிலையம், கோயில், பாலர் பள்ளி ஆகிய இடங்களில் எப்படிச் சமாளிப்பது?

அங்காடிக்காரர்களில் பலருக்குக் குளூட்டன் என்ற சொல் பழக்கமில்லை. கோதுமை மாவு, மைதா, ரவை, பார்லி, சோயா சாஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பீஹூன் அரிசியில் செய்தது என்றாலும், மஞ்சள் மீ வெந்த அதே தண்ணீரில்தான் அதுவும் வேகும். உளுந்து வடை நல்லது, ஆனால் சமோசா பொரிந்த எண்ணெயில் அது பொரிந்திருக்கும். பரோட்டா சுட்ட கல்லில் வார்த்த தோசையும், ரவா தோசையும் கூடாது.

கோயில் பிரசாதத்தில் ரவை கேசரியையும் பெருங்காயம் சேர்ந்த புளியோதரையையும் தவிர்த்து, பழத்தையோ கற்கண்டையோ வாங்கிக்கொள்ளக் குழந்தையைப் பழக்குங்கள். பாலர் பள்ளிக்கு வீட்டுச் சாப்பாடு அனுப்ப அனுமதி கேட்டு, மருத்துவரின் கடிதத்தை ஆசிரியரிடம் கொடுங்கள். குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ண மாவில் கோதுமை இருப்பதுண்டு என்பதையும் சொல்லுங்கள். விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

ஒரே ஒரு வாய்தானே என்று மாமியார் ஊட்டிவிடுகிறார். உண்மையில் எவ்வளவு கெடுதல்?

அவருடைய அன்பில் குறையில்லை. அளவு எவ்வளவு சிறியது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடலில் பாதிப்பு தெரிந்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை என்று கருதப்படுகிறது. அதாவது ஒரு துண்டு ரொட்டியின் இருநூறில் ஒரு பங்கு. மாமியாரையும் ஒருமுறை உணவு ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட வெள்ளைச் சட்டைக்காரர் சொல்வது எளிதில் ஏற்கப்படும்.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே, தம்பிக்கும் வருமா?

தென்னிந்தியரிடையே இந்நோய் அரிது என்பது உண்மை. 2016இல் வெளியான இந்திய ஆய்வின்படி வட பகுதியில் நூற்றுக்கு 1.23 பேருக்கும் தென் பகுதியில் 0.10 பேருக்கும் சீலியாக் இருந்தது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு உறுதியாகிவிட்டால், உடன்பிறந்தோருக்கும் பெற்றோருக்கும் பத்தில் ஒருவர் என்ற அளவில் வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் அனைவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை தம்பியின் உணவிலிருந்து கோதுமையை முழுவதும் எடுத்துவிடாதீர்கள்.

மாவையெல்லாம் மாற்றிவிட்டோம். பலன் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது?

வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். எடையும் உயரமும் மாதங்களில் கூடும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு மெதுவாகவே இறங்கும் என்பதால், மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ சோதிப்பார். ஓராண்டுக்குப் பிறகும் அந்த எண் இறங்காமல் நின்றால், எங்கோ சிறிதளவு குளூட்டன் தினமும் உள்ளே போகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது வெறும் பட்டியலை எழுதிக்கொண்டு போகாமல், அலமாரியில் உள்ள பெருங்காய டப்பா, மசாலாப் பொடிகள், மாவுப் பொட்டலங்கள், வைட்டமின் புட்டி அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, உணவு ஆலோசகரின் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள்.